பனியன் துணியில் ஒரு கல்யாணப் பந்தல்

வீட்டை எப்படித் துலக்குவது, புடவையை எப்படி உடுத்துவது, கல்யாணத்தை எப்படிச் சிக்கனமாக முடிப்பது என்றெல்லாம் யோசனை சொல்லுகிறவர்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. கேட்டவர்களைவிடக் கேட்காதவர்களுக்குத்தான் அதிகம் சொல்வார்கள். ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்துக்கே நான் தலைவி மாதிரி. இப்போது யாராவது, "கல்யாணச் செலவை எங்கே குறைக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டால், "உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுக் காபி கலக்க உள்ளே போய்விடுகிறேன். என்னை இப்படி அடக்கி வைத்தது என் கல்யாணம். (கணவர் அடக்கினார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தெம்பு அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.)

அறுபதுகளில் நடந்த கதை. திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீடு. அப்பா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேஸ்திரி. துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை, கோடு, எண்ணெய்க் கறை இருந்தால் ஒதுக்கித் தள்ளுவது அவர் வேலை. பழக்க தோஷத்தில் வீட்டிலும் தோசையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அம்மா எதையும் உடனே நம்பாதவள், குறிப்பாக என்னை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அதாவது வீடு என் கையில் மாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கும் வாரப் பத்திரிகையில் எல்லாரும் தொடர்கதை படிப்பார்கள். நான் கடைசிப் பக்கத்து வீட்டுக் குறிப்புகளை மட்டும் மனப்பாடம் செய்வேன். புளித்த மோரில் பித்தளை, சாம்பலில் கண்ணாடி, எலுமிச்சைத் தோலில் முழங்கை என்று தினம் ஒரு பரிசோதனை. சிவப்புத் தரை பளபளக்கத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கவும் என்று ஒரு வாரம் போட்டிருந்தான். 'லேசாக' என்று போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. எங்கள் ஊரில் துடைக்கிற துணிக்கா பஞ்சம்? கம்பெனியிலிருந்து வந்த பனியன் வேஸ்ட்டைப் பந்தாக உருட்டி, அரைப் படி எண்ணெயைத் தரைக்குக் குடிக்கக் கொடுத்தேன். வேலை முடிந்து வந்த அப்பா வாசலில் கால் வைத்தார், சமையலறையில் போய் நின்றார். நடுவில் நடக்கவே இல்லை.

"ஏன் கண்ணு, இது ஊடா, வழுக்குப் பாறையா?" என்று அடுப்பைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"பத்திரிக்கையில போட்டிருந்துதுங்கப்பா."

"போட்டவன் இந்நேரம் நடந்து பார்த்திருப்பானா?" என்றாள் அம்மா.

அழகுக் குறிப்பும் விட்டு வைக்கவில்லை. உதட்டுக்குப் பீட்ரூட் சாறு பூசிக்கொண்டு முருகன் கோயிலுக்குப் போனேன். குருக்கள் திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டே, "ஏம்மா, சந்நிதிக்கு வர்றப்பவா வெத்தலை போடுவாங்க?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற அம்மா, நான் யார் பெண்ணோ என்கிற மாதிரி விமானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் பல்லடத்திலிருந்து எனக்கு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா சொந்தமாகத் தறி போட்டுக் காடாத் துணி நெய்கிறவர். நல்ல மனிதர், பேச்சிலும் கஞ்சி போட்ட விறைப்பு இருக்கும். மாமியாராக வரப்போகிறவரைப் பற்றித்தான் எங்களுக்குக் கலக்கம். ஒரு கல்யாண வீட்டில் பந்தல் காலில் மாவிலை வாடியிருந்தது என்று பந்தியில் உட்காராமலேயே பஸ் ஏறிவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தோம்.

பேச்சு முடிகிற நேரத்தில் அவர்கள், கல்யாணத்தைப் பல்லடத்தில் பெரிய மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளலாம், எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். எதற்கும் தலையாட்டிவிடும் அப்பா அதற்கு மட்டும் ஆட்டவில்லை.

"என்ற ஒரே புள்ளைங்க. என்ற ஊட்டு வாசல்லதான் அவ கழுத்துல தாலி ஏறோணும்ங்க. அது ஒண்ணுதான் கேக்கறேன்" என்றார்.

மாமியார்தான் பதில் சொன்னார். "சரிங்க. உங்க ஆசைப்படியே வெச்சுக்கலாம். ஆனா எங்க சனம் நெம்பப் பேர் வருவாங்க. ஊட்டு வாசல்ல வெச்சதுனாலதான் இப்படின்னு நாளைக்கு ஒருத்தரும் குறை சொல்லக் கூடாதுங்க."

"சொல்ல உடமாட்டேனுங்க" என்றார் அப்பா. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா இவர்கள் முன்னால் தலைகுனியக் கூடாது, அவர் சக்திக்கு மீறிச் செலவும் செய்யக் கூடாது, கல்யாணமும் ஜோராக இருக்க வேண்டும், இதையெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன். அப்பாவுக்கு ஆபத்து ஆரம்பித்தது அப்போதுதான்.

முதல் வேலையாக அப்போதே வாயை விட்டேன். மாமனார் புறப்படும்போது, "பந்தலுக்கு உள்ள கட்டறதுக்கு எங்க தறித்துணி அனுப்பட்டுங்களா?" என்று கேட்டார். தென்னங்கீற்றுப் பந்தலுக்கு அடியில், ஓலை தெரியாமல் வெள்ளைத் துணி கட்டுவது வழக்கம். அம்மா பதில் சொல்வதற்குள் நான் உள்ளிருந்து, "வேண்டாமுன்னு சொல்லுங்கம்மா. திருப்பூருக்கே துணி அனுப்பறதா?" என்றேன். கிசுகிசுப்பதாகத்தான் நினைத்தேன்.

"புள்ளைக்கு வாய் இருக்குது" என்றார் மாமியார். பாராட்டா, குறையா என்று நாங்கள் அன்று இரவெல்லாம் விவாதித்தும் முடிவுக்கு வர முடியவில்லை.

வாடகைக்குக் கிடைக்கிற பந்தல் துணியில் பழைய கல்யாணங்களின் சாம்பார் தெரியும். புதிதாக வாங்கினால் செலவு. நான் யோசித்தேன். அப்பா தம் கையாலேயே ஒதுக்கித் தள்ளிய துணி கம்பெனியில் மலையாகக் கிடந்தது. மெஷினில் ஊசி முறிந்து மெல்லிசாகக் கோடு விழுந்த துணி. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்குக் கோடா தெரியப்போகிறது? முதலாளியிடம் கேட்கச் சொன்னேன். "தாராளமா எடுத்துட்டுப் போய்க் கட்டிக்கோங்க மேஸ்திரி. முடிஞ்சதும் திருப்பிப் போட்டிருங்க" என்று சொல்லிவிட்டார். கழிவுத் துணி வியாபாரம் செய்யும் காதர் பாய் எங்கள் தெருவில்தான் இருந்தார். அவர் கேள்விப்பட்டு மகிழ்ந்துபோனார்.

"என்னா யோசனைம்மா இது! இத்தனை வருஷமா இந்தத் துணியிலயே புழங்கறேன், எனக்குத் தோணலை பாருங்க. பத்திரிகைக்கு எழுதிப் போடுங்கம்மா!"

அதை நான் ஏற்கெனவே மனசுக்குள் எழுதி முடித்திருந்தேன். 'பந்தல் துணிக்கு வாடகை கொடுத்து ஏமாறுகிறீர்களா?' என்று ஆரம்பிக்கும். கீழே என் பெயர். கல்யாணமானதும் பெயருக்கு முன்னால் திருமதி என்று போட்டு அனுப்பலாம் என்று காத்திருந்தேன்.

பனியன் துணி தறித்துணி மாதிரி அல்ல. மெஷினிலிருந்து குழாயாகத்தான் இறங்கும். வெட்டினால் ஓரம் அப்பளம் மாதிரி சுருட்டிக்கொள்ளும். அதனால், "வெட்ட வேண்டாமுங்க, குழாயாவே வரிசையாக் கட்டிருங்க" என்று பந்தல்காரருக்கு உத்தரவு போட்டேன். அவர் ஒரு முனையைக் கட்டி மறுமுனையை இழுத்தார். துணி வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது.

"இழுக்க இழுக்க வந்துட்டே இருக்குதுங்க அம்மிணி" என்றார் ஏணியில் நின்றபடி.

அங்கேதான் என் சிக்கன மூளை உச்சத்துக்குப் போனது. வந்துகொண்டே இருக்கிறது என்றால் பாதித் துணியே போதும் அல்லவா? "நல்லா இழுத்துக் கட்டுங்க!" என்றேன். வாசலில் இருந்து மணவறை வரைக்கும் ஒவ்வொரு குழாயையும் அது தாங்குகிற மட்டும் இழுத்துக் கட்டினார்கள். சொல்லக் கூடாது, பார்ப்பதற்கு வெண்மேகம் மாதிரி இருந்தது. முதல் நாள் சாயங்காலம் வந்து இறங்கிய பல்லடத்துச் சனம் அண்ணாந்து அண்ணாந்து பார்த்தது. மாமியாரும் பார்த்தார். "வெள்ளையா இருக்குது" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் தங்க மெடல் என்று அர்த்தமாம். அப்பா அன்று என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் காலை அலங்காரம். அப்போது பெரிய கொண்டைதான் நாகரிகம். தலைக்கு மேல் இன்னொரு தலை இருந்தால்தான் மரியாதை. கொண்டைக்குள் வைக்கச் சவுரி வாங்க வேண்டும் என்றாள் அம்மா. வீட்டில் மூட்டை வேஸ்ட் இருக்கும்போது சவுரி எதற்கு? பனியன் வேஸ்ட்டை உருண்டை பிடித்து உள்ளே வைத்து, மேலே முடியைச் சுற்றி, பூ வைத்து முடித்தோம். பஞ்சு போல லேசு. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்மேல் பொறாமையாக இருந்தது.

அது ஆனி மாதம். ஆனியில் எங்கள் பக்கத்துக் காற்று சும்மா இருக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். நான் மணவறையில் உட்காரும்போது அந்தக் காற்றோடு சாரலும் சேர்ந்துகொண்டது. காற்று மேலே கீற்றைத் தூக்கித் தூக்கி வைக்க, இடுக்கு வழியாக மழை உள்ளே இறங்கியது. இறங்கிய மழை தரைக்கு வரவில்லை. பனியன் துணி அத்தனையையும் குடித்துக்கொண்டது. வியர்வையைக் குடிக்கத்தானே அந்தத் துணியையே பின்னுகிறார்கள்?

மணப்பெண் தலைநிமிரக் கூடாது. ஆகவே என் கல்யாணத்தில் நான் பார்த்ததெல்லாம் கால்கள்தான். முன்வரிசையில் சம்மணம் போட்டிருந்த கால்கள் மெல்லப் பின்னால் நகர்ந்தன. நின்ற கால்கள் முட்டி மடங்கின. பிறகு நாதஸ்வரம் தொண்டையில் எதையோ அடைத்துக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் கொடுத்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பின் உருக்கத்தில் வாத்தியத்தை மேலே தூக்கியிருக்கிறார், அதன் வாயை இறங்கி வந்த துணி மூடிவிட்டது.

என்ன நடந்தது என்பதைப் பிறகு ஊரே எனக்குச் சொன்னது. நனைந்த குழாய்கள் கனம் தாங்காமல் நீண்டு, பசுவின் மடி மாதிரி தொங்க ஆரம்பித்தன. ஒரு குழாயின் மடி பல்லடத்துப் பெரியவர் ஒருவரின் தலைமேல் வந்து உட்கார்ந்தது. அவர் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு கையாலும் மேலே தூக்கினார். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் குழாய் வழியாக அடுத்த வரிசைக்குப் போனது. அந்த வரிசைக்காரர்கள் தூக்கினார்கள், தண்ணீர் அதற்கடுத்த வரிசைக்கு வந்தது. அவரவர் தலையைக் காப்பாற்றிக்கொள்ள அவரவர் தூக்க, பந்தலில் இருந்த தண்ணீரெல்லாம் கைமாறிக் கைமாறி மணவறையை நோக்கி வந்தது. வாசல் பக்கம் இருந்தவர்கள், "அப்படியே அங்கிட்டுத் தள்ளி உடுங்க!" என்று உற்சாகமாகக் கத்தினார்களாம்.

மணவறையை ஒட்டித்தான் அப்பாவும் மாமனாரும் நின்றிருந்தார்கள். என் தலைக்கு மேலே வந்து சேர்ந்த மொத்த மடியையும் அவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு கையாகத் தாங்கிப் பிடித்தார்கள். துணி அவர்கள் கைக்குள் நெளிந்திருக்கிறது.

"என்னங்க சம்பந்தி இது, துணி உசுரோட இருக்குது!" என்றார் மாமனார். வாழ்நாள் முழுக்கத் தறித்துணியோடு இருந்தவர். இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குகிற துணியை அவர் கையால் தொட்டது அன்றுதான்.

"முகூர்த்தம் முடியற வரைக்கும் பிடிச்சுக்கோங்க சம்பந்தி, என்ற மானமே இதுலதான் இருக்குது" என்றார் அப்பா. அதைக் குனிந்த தலையோடு நான் கேட்டேன். எனக்கு அழுகை வந்தது.

தலை வேறு கனத்துக்கொண்டே வந்தது. மேலே இருந்து சொட்டுச் சொட்டாக விழுந்ததை எல்லாம் கொண்டைக்குள் இருந்த வேஸ்ட் குடித்துக்கொண்டிருந்தது. முகவாய் கழுத்தில் இடித்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ, "புள்ளைக்கு என்ன அடக்கம் பாருங்க, தலையை இம்மி தூக்கலை" என்றார்கள். தூக்க முடிந்தால்தானே!

தாலியைக் கையில் எடுத்துக் கொடுத்தார்கள். கெட்டிமேளம் கொட்டியது. (நாதஸ்வரம் துணிக்குள்ளிருந்தே வாசித்தது.) மூன்றாவது முடிச்சு விழுந்தது. அந்த நேரத்தில் தமிழ்நாட்டில் எந்தக் கல்யாணத்திலும் சபை என்ன செய்யுமோ அதைத்தான் எங்கள் சபையும் செய்தது. அட்சதை போட்டது. பிள்ளையைப் பெற்றவர் மனம் நிறைந்து இரண்டு கையாலும் அரிசியை அள்ளினார். பெண்ணைப் பெற்றவரும் கண் கலங்கி இரண்டு கையாலும் அள்ளினார். துணியை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

வானம் இடிந்து விழுந்த மாதிரி இருந்தது. குளிர்ந்த தண்ணீர், அதன் பின்னாலேயே துணி, துணியோடு ஓலைத் தூசி. எங்கள் இரண்டு பேரையும் தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டது. ஹோம குண்டம் 'உஸ்' என்றது. ஈரத் துணிக்குள் வெள்ளை இருட்டு. அதற்குள் நானும், அதுவரை நான் முகத்தைச் சரியாகப் பார்த்திராத ஒரு மனிதரும்.

"ஏனுங்க" என்றது பக்கத்துக் குரல். "இது எங்கூட்டுத் துணீங்களா, உங்கூட்டுத் துணீங்களா?"

"எங்கூட்டுதுங்க."

"அதானுங்க, புடிச்சா உடமாட்டேங்குது." கொஞ்சம் பொறுத்து, "அழுகாதீங்க" என்றார்.

"அழுகலீங்க. கொண்டை கனமா இருக்குதுங்க. நிமிர முடியலை."

அவர் என் முகவாய்க்கு அடியில் கையை வைத்து என் தலையைத் தூக்கி நிறுத்தினார். கல்யாணத்தில் நான் முதன்முதலாக நிமிர்ந்தது அப்போதுதான். மூக்கு நுனியில் ஓலைத் துணுக்கோடு அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரை அங்கேயே பிடித்துப்போய்விட்டது.

துணியை விலக்கினார்கள். குண்டத்தில் புகை மட்டும் எழுந்தது. பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "அக்கினி அணைஞ்சு போச்சுதே, இதென்ன சகுனமோ?" என்றது. அப்பா சொட்டச் சொட்ட நனைந்து, கையில் மீதி அட்சதையோடு, மாமியாரைப் பார்த்துக் கும்பிட்டார். "குறை சொல்ல உடமாட்டேன்னு சொன்னேனுங்க..." என்று ஆரம்பித்தார். என் உயிர் போய்விட்டது. வாடிய மாவிலைக்கே பஸ் ஏறினவர் இதற்கு நடந்தே போய்விடுவார் என்று நினைத்தேன்.

மாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், வாயில் துணி அப்பிய நாதஸ்வரத்தைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தாரே ஒரு சிரிப்பு, தம் மனைவி அப்படிச் சிரித்து அதுவரை பார்த்ததில்லை என்று மாமனார் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"சகுனத்துக்கு என்ன இப்ப? நம்மூருல மழை கண்டு எத்தனை நாளாச்சு? பல்லடத்துல ஒரு சொட்டுக்கு ஏங்கறோம். இந்தப் புள்ள கழுத்துல தாலி ஏறுன நிமிசம் தலைமேலயே கொட்டுது. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? ஐயரே, அக்கினியைப் பத்த வைங்க. சம்பந்தி, கையை இறக்குங்க. எனக்கு நெம்பப் பசிக்குது, பந்தியைப் போடச் சொல்லுங்க!"

பல்லடமே சிரித்தது. ராயபுரம் அதைவிடச் சத்தமாகச் சிரித்தது. மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டையைப் பிடித்து ஒரு பிழி பிழிந்தார். சொம்புத் தண்ணீர் வந்தது.

"இதுக்குள்ள என்ன அம்மிணி வெச்சிருக்கற?"

"வேஸ்ட்டுங்க அத்தை."

"பந்தல் துணி ஆரு யோசனை?"

"அதுவும் நான்தானுங்க. பாதித் துணியையே இழுத்துக் கட்டச் சொன்னேனுங்க."

"பாதித் துணியில முழுப் பந்தலைப் போட்டவளா! என்ற ஊட்டுக்கு இப்படி ஒருத்திதான் வேணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். அதைப் பார்த்த பிறகுதான் அப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பத்திரிகைக்குக் குறிப்பு எழுதும் எண்ணத்தை நான் அன்றே கைவிட்டேன்.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும், கெட்டிமேளம் கொட்டும்போது மாமனார் ஒரு கையால்தான் அட்சதை போடுவார். இன்னொரு கையை எதையோ தாங்கிப் பிடிக்கிற மாதிரி தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். அப்பாவும் பதிலுக்குக் கையைத் தூக்குவார். அப்புறம் மைத்துனர்கள் தூக்கினார்கள், மருமகன்கள் தூக்கினார்கள், காங்கிரீட் மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டும் தூக்கினார்கள். என் மானம்தான் ஒவ்வொரு முகூர்த்தத்திலும் போய்க்கொண்டிருந்தது.

போன தை மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அட்சதை போடும் நேரத்தில் ஒரு பக்கத்துச் சபை முழுக்க இடது கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்த புரோகிதர், "இது என்ன சம்பிரதாயம், நான் கண்டதில்லையே?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்துக்குப் புதிதாக வாழ வந்திருந்த பெண் ஒருத்தி, தூக்கிய கையை இறக்காமல், பயபக்தியோடு பதில் சொன்னாள்.

"எங்களுக்குக் குல வழக்கமுங்க சாமி. கையை இறக்குனா மாமியாருக்கு ஆகாதுங்களாம்."

என் கையும் மேலேதான் இருந்தது.